சிடி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டர் வாங்கலாமா?

மாமா வீட்டுக்குப் புது சிஸ்டம் ஒன்று அசெம்பிள் பண்ணிக் கொடுத்தேன். கேபினட்டைத் தூக்கி மேஜையில் வைத்ததும் மனிதர் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார், கடைசியில் "சிடி போடுற இடம் எங்கடா?" என்றார். இப்போது வருகிற கேபினட்டுகள் பலவற்றில் அதற்கு இடமே விடுவதில்லை மாமா என்றேன். "அப்போ கல்யாண சிடிய எதுல போட்டுப் பாக்குறது?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குள் அத்தை உள்ளே போய், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த மூன்று டிவிடிகளை எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டார். முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு என்று மார்க்கரில் எழுதியிருந்தது. 2009-இல் நடந்த அவர்கள் மகள் கல்யாணம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள்ளே டிரைவ் இருக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. ஆனால் வீட்டில் பழைய தட்டுகள் இருந்தால், யூஎஸ்பியில் சொருகுகிற வெளி டிரைவ் ஒன்று கண்டிப்பாகத் தேவை, அதுவும் சீக்கிரம் தேவை. ஏன் சீக்கிரம் என்பது புரிய வேண்டுமானால் தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் குறுந்தகடு என்று எழுதுவார்கள், இலங்கையில் இறுவட்டு என்பார்கள், பேசும்போது எல்லோருக்கும் சிடிதான். டிவிடியைக் கூட சிடி என்றே சொல்கிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நான் பொதுவாகத் தட்டு என்றே எழுதுகிறேன்.)

சிடி என்பது 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டம். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு கோடு, பழைய இசைத்தட்டில் இருப்பதுபோலச் சுருளாக ஓடுகிறது. ஒரு வித்தியாசம், இது உள்ளே இருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். தலைமுடி ஒன்றை அதன் மேல் வைத்தால் சுமார் நாற்பது சுற்றுகள் அதற்கு அடியில் மறைந்துவிடும். அந்தக் கோடு முழுக்கக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். கீழே இருந்து லேசர் ஒளி பட்டுத் திரும்பி வருகிறது, சமதளத்தில் பட்டால் பளிச்சென்றும் பள்ளத்தில் பட்டால் மங்கலாகவும் திரும்பும். பள்ளம் என்றால் 0, மேடு என்றால் 1 என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது சரியில்லை. பள்ளத்திலிருந்து மேட்டுக்கோ மேட்டிலிருந்து பள்ளத்துக்கோ மாறுகிற அந்த விளிம்புதான் 1, மாற்றமே இல்லாமல் நீளுகிற தூரம்தான் 0. அதாவது டிரைவ் கவனிப்பது வெளிச்சத்தை அல்ல, வெளிச்சம் மாறுவதை.

இதே வித்தையை இன்னும் நெருக்கமாகச் செய்தால் டிவிடி, அதைவிட நெருக்கமாகச் செய்தால் ப்ளூ-ரே. சிடியின் லேசர் ஒளிக்கு அலைநீளம் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. ப்ளூ-ரேக்கு 405, நீல ஊதா, பெயரே அதிலிருந்து வந்ததுதான். பேனா முனை மெலிந்தால் ஒரே பக்கத்தில் கூடுதலாக எழுதலாம் இல்லையா, அதேபோல ஒளியின் அலைநீளம் குறையக் குறையப் புள்ளி சிறிதாகி, அதே 12 சென்டிமீட்டருக்குள் சிடியில் 700 எம்பி பிடித்த இடத்தில் டிவிடியில் 4.7 ஜிபியும் ப்ளூ-ரேயில் 25 ஜிபியும் பிடிக்கிறது. இரண்டு அடுக்காக எழுதினால் டிவிடியில் 8.5, ப்ளூ-ரேயில் 50.

சரி, இதெல்லாம் கடையில் விற்ற படத் தட்டின் கதை. தொழிற்சாலையில் அச்சில் வைத்து அழுத்தி எடுத்தது, உண்மையான பள்ளம் இருக்கும். மோசர் பேயர் என்ற இந்திய நிறுவனம் ஒரு காலத்தில் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றதே, அந்த ரகம். (அந்தக் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி 2018-இல் உத்தரவு ஆனது, தட்டுகளின் காலம் முடிந்ததற்கு நம் நாட்டில் இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை.) ஆனால் கல்யாண ஸ்டுடியோக்காரர் கொடுத்தது அந்த ரகம் இல்லை. அது கம்ப்யூட்டரில் ரைட் பண்ணியது. அதில் பள்ளமே கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் நடுவில் ஒரு சாயம் பூசியிருப்பார்கள், ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக் கறுக்க வைக்கும். "பர்ன்" என்ற பெயர் சும்மா வரவில்லை. படிக்கும்போது கறுத்த இடம் பள்ளம் மாதிரி டிரைவை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்.

சாயம் என்றால் வெளுக்கும். கொடியில் காயப்போட்ட சட்டையே வெளுக்கிறது, இது வெளுக்காதா? வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது, நம் ஊரில் மூன்றும் தாராளம். காரின் டேஷ்போர்டில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த எம்பி3 சிடி படிக்காமல் போவது இதனால்தான். பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும், தட்டின் தரம், ரைட் பண்ணிய வேகம், அன்றைக்கு அந்த ரைட்டர் இருந்த நிலை எல்லாவற்றையும் பொறுத்து ஒன்று இருபது வருடம் தாங்கும், அதே கடையில் அதே நாளில் வாங்கிய இன்னொன்று ஐந்து வருடத்தில் கைவிரிக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். நான் சீக்கிரம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கீறலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தைத் தொடாதே என்பார்கள், பெயர் எழுதிய மேல்பக்கத்தைத் தரையில் தேய்ப்பார்கள். சிடியில் தகவல் இருப்பது மேல்பக்கத்துக்கு மிக அருகில், ஒரு பூச்சும் கொஞ்சம் மையும் மட்டும்தான் அதற்குக் கவசம். அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது, லேசர் அந்தப் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போய்த்தான் குவிகிறது, அதனால் வெளியில் இருக்கும் சின்னக் கீறலும் தூசியும் அதற்குச் சரியாகத் தெரிவதே இல்லை, போதாததற்கு விட்டுப்போன தகவலைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினீர்கள் என்றால் தகவலின் மேலேயே கீறுகிறீர்கள். டிவிடி இரண்டு மெல்லிய தட்டுகளை ஒட்டியது, தகவல் நடுவில் இருக்கிறது, அதனால் அது பரவாயில்லை. ப்ளூ-ரேயில் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரிலேயே தகவல் வந்துவிடும், அதனால் அதற்குத் தனியாகக் கெட்டிப்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். கோட்டின் போக்கிலேயே ஒரு நீளக் கீறல் விழுந்தால் அதைக் கணக்குப் போட்டு நிரப்ப முடியாது, குறுக்கே விழுந்தால் சமாளித்துக்கொள்ளும்.

டிரைவ் ஏன் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போனது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஆப்பிள் 2008-இல் மேக்புக் ஏரை டிரைவ் இல்லாமல் விற்றபோது கேலி செய்தவர்கள் உண்டு, பிறகு எல்லா லேப்டாப்பும் அதே வழிக்கு வந்துவிட்டது, டிரைவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கலாம் அல்லது உடம்பையே மெலிதாக்கலாம். சாஃப்ட்வேர் டவுன்லோடுக்குப் போய்விட்டது, பாட்டும் படமும் போனுக்குப் போய்விட்டன. விண்டோஸ் போடுவதற்காவது டிவிடி வேண்டாமா என்றால், விண்டோஸ் 11 கோப்பு சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்கவே அடங்காது, 8 ஜிபி பென்டிரைவ்தான் வழி. வேகமும் ஒரு காரணம். டிவிடியில் 1x என்றால் நொடிக்குச் சுமார் 1.4 எம்பி. வெளி டிரைவ்கள் பொதுவாக 8x, அதாவது மிக நன்றாக ஓடும்போது நொடிக்கு 11 எம்பி, ஒரு முழு டிவிடியைக் காப்பி எடுக்கப் பத்து நிமிடம். இன்றைய எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வருகிற, சுற்றும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) அது நான்கைந்து நொடி வேலை. பழைய 52x சிடி டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும், அந்த "ர்ர்ர்ர்" சத்தம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் தட்டே உடைந்துவிடும் அபாயம் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் யாருக்கு டிரைவ் வேண்டும்? நான் பார்த்த அளவில் முதல் இடம் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு. சிடி (CT) ஸ்கேன், எம்ஆர்ஐ எடுத்தால் பல சென்டர்களில் இன்னமும் ஃபிலிமோடு ஒரு தட்டையும் கவரில் போட்டுத் தருகிறார்கள். அப்பாவுக்கு எடுத்த எம்ஆர்ஐ தட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனபோது, அவர் தட்டை வாங்கித் தன் லேப்டாப்பின் இடது பக்கம், வலது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவரிடமும் டிரைவ் இல்லை. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை அந்தத் தட்டைப் பென்டிரைவுக்கு மாற்றியது. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படங்கள் டைகாம் என்ற வடிவத்தில் பெயர் புரியாத நூற்றுக்கணக்கான கோப்புகளாக இருக்கும், கூடவே அவற்றை வரிசைப்படுத்தும் ஒரு குறிப்புக் கோப்பும், பார்ப்பதற்கான சின்ன சாஃப்ட்வேரும் இருக்கும். இதில் எது படம் என்று தேடி எடுக்கப் போகாதீர்கள், தட்டில் இருப்பதை மொத்தமாக அப்படியே ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். மைக்ரோடைகாம் போன்ற இலவச சாஃப்ட்வேரில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் வரும்.

அடுத்தது பாட்டு சிடி. இங்கே நானே சூடு பட்டிருக்கிறேன். ஒரிஜினல் ஆடியோ சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் விண்டோஸ் "டிராக் 01", "டிராக் 02" என்று வரிசையாகக் கோப்புகளைக் காட்டும். ஆஹா என்று எல்லாவற்றையும் பிடித்து இழுத்து ஃபோல்டரில் போட்டேன், கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது, தட்டைக் கேட்ட நண்பனுக்குக் கொடுத்தும் விட்டேன். அப்புறம் பார்த்தால் ஒவ்வொரு கோப்பும் 44 பைட். பாட்டு இல்லை, பாட்டு தட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் விலாசம் மட்டும். ஆடியோ சிடியில் நாம் நினைக்கிற மாதிரி கோப்பே கிடையாது, நொடிக்கு 44,100 முறை அளந்த ஒலி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதை எடுக்க "ரிப்" செய்ய வேண்டும், விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே அந்த வசதி இருக்கிறது, இன்னும் கறாராக வேண்டுமென்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று ஒன்று இருக்கிறது. காப்பி முடிந்ததும் சைஸைப் பாருங்கள், ஐந்து நிமிடப் பாட்டு 44 பைட்டில் அடங்காது.

கல்யாண டிவிடி இதைவிட எளிது. திறந்தால் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வாப் (VOB) என்று முடியும் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி அளவில் துண்டு துண்டாக இருக்கும். ஸ்டுடியோவில் போட்டுத் தருவதற்கு வழக்கமாகக் காப்பி தடுப்பு எதுவும் இருக்காது, ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்குக்கு இழுத்தால் போதும், விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் ஓடும். விஎல்சியைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே டிவிடி ஓட்டும் வசதியை விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். புது டிரைவ் வாங்கிச் சொருகி, படம் வரவில்லை என்று டிரைவைத் திட்டித் திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருடைய சிக்கல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துண்டுகளை ஒரே கோப்பாக்கிப் போனில் பார்க்க வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த படத் தட்டு என்றால் மண்டலக் குறியீட்டை (தட்டு எந்த நாடுகளில் ஓடும் என்று சொல்லும் எண்) பாருங்கள், இந்தியாவுக்கு 5, அமெரிக்கா, கனடாவுக்கு 1. டிரைவில் அதை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவது முறை வைத்ததே நிரந்தரமாகிவிடும்.

ப்ளூ-ரே படம் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு என் ஆலோசனை, வேண்டாம். டிரைவின் விலை டிவிடி ரைட்டரைப் போலப் பல மடங்கு, அதற்கு மேல் படத் தட்டின் காப்பி தடுப்புப் பூட்டைத் திறக்கக் காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் வேறு. 4கே ப்ளூ-ரே இன்னும் மோசம், அதற்குத் தேவையான ஒரு பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11-ஆம் தலைமுறை கோர் சிப்களிலிருந்து எடுத்துவிட்டது, ஆக நேர்வழியில் 4கே தட்டு ஓட்டப் புது கம்ப்யூட்டரைவிடப் பழைய கம்ப்யூட்டர்தான் தகுதியானது என்ற விசித்திர நிலைமை. டிவியோடு ஒரு பிளேயரை மாட்டிவிட்டுப் போகலாம்.

பேக்கப்புக்குத் தட்டு நல்லதா என்று கேட்பார்கள். ஒரு விஷயத்தில் நல்லது. ஒருமுறை எழுதி மூடிய தட்டில் யாராலும் திருத்தி எழுத முடியாது, வைரஸ் வந்து எல்லாக் கோப்பையும் பூட்டிப் பணம் கேட்டாலும் பீரோவில் இருக்கும் தட்டை ஒன்றும் செய்ய முடியாது. சாயத்துக்குப் பதிலாகக் கல் மாதிரியான பொருளில் பதிக்கும் எம்-டிஸ்க் என்று ஒன்றும் இருக்கிறது, ஆயிரம் வருடம் தாங்கும் என்று விளம்பரம் செய்தார்கள், அதை யார் இருந்து பார்ப்பது? தவிர, வாங்கவும் கிடைக்க வேண்டுமே. சோனியே 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய ப்ளூ-ரே தட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. போன் கேமராவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாலே 30 ஜிபி சேர்கிற காலத்தில் 4.7 ஜிபி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒன்று நம் வீட்டில், ஒன்று அண்ணன் வீட்டில், அது போதும். இனிமேல் எழுதுவதற்குத் தட்டு வேண்டாம், ஏற்கனவே எழுதியதை எடுக்கத்தான் டிரைவ் என்பதே என் கட்சி.

வாங்குவதானால் 2,000 ரூபாய்க்கு முன்னே பின்னே யூஎஸ்பி டிவிடி ரைட்டர் கிடைக்கும். சிடி, டிவிடி இரண்டையும் படிக்கும், எழுதும். தனி பவர் வயர் வேண்டாம், ஆனால் கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் சொருகினால் சில சமயம் மின்சாரம் போதாமல் கடகட என்று சத்தம் போட்டு நின்றுவிடும், பின்பக்க போர்ட்டில் சொருகிப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் ஒன்று மூலையில் கிடந்தால் அதன் டிரைவைத் தூக்கி எறியாதீர்கள். தட்டு உள்ளே மாட்டிக்கொண்டு டிரே வெளியே வரவில்லையென்றால் முகப்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும், பவரை அணைத்துவிட்டு ஜெம் கிளிப்பை நீட்டி அதில் அழுத்தினால் டிரே விரல்நுனி அளவு வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பில் டிரைவ் படிப்பதே இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (caddy) என்கிற, ஹார்ட் டிஸ்கைப் பொருத்தும் சட்டத்தைப் போட்டு ஹார்ட் டிஸ்கை அங்கே மாற்றி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி போடலாம், லேப்டாப்புக்கு மறுபிறவி.

மாமா வீட்டுக் கதைக்கு வருகிறேன். வெளி டிரைவ் ஒன்று வாங்கினோம். முகூர்த்தம் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. வரவேற்பு கொஞ்சம் திக்கித் திணறி வந்தது. மறுவீடு பாதியில் நின்றுவிட்டது, துடைத்தோம், மறுபடி போட்டோம், அதே இடத்தில் நின்றது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், லென்ஸும் லேசரின் பலமும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. அதனால் பரணில் கிடந்த மாமாவின் பழைய சிஸ்டத்தை இறக்கி, எலிப் புழுக்கையைத் தட்டி, மாட்டிப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் முனகி முனகி, கடைசி எட்டு நிமிடம் தவிர மற்றதை எல்லாம் கொடுத்துவிட்டது. அந்த எட்டு நிமிடத்தில் என்ன இருந்தது என்று இப்போது அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டி ஆரத்தி எடுத்தது என்கிறார் அத்தை, வெறும் சாப்பாட்டுப் பந்திதான் என்கிறார் மாமா. டிரைவ் அங்கிருந்து சித்தி வீட்டுக்குப் போய், இப்போது சித்தியின் ஓரகத்தி வீட்டில் இருக்கிறதாம். அவர்களிடம் பதினேழு தட்டு இருக்கிறது என்று கேள்வி.